நாற்பத்து மூன்று கதிர்

உக்காருங்கம்மா, இடம் இருக்கு. பையை நான் மடியில வச்சுக்கிறேன். இல்லம்மா, உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. காலையில ஒருத்தர் வீட்டுக்குப் போய் ஒரு பேச்சு பேசிட்டு வாறேன். பேசுனா பாரம் இறங்கும்னு நினைச்சுத்தான் போனேன். இறங்கல. நீங்க யாரோ நான் யாரோ, உங்ககிட்டச் சொன்னா என்ன. கேக்கப் பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்கோங்க, நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்.

என் பேரு வெள்ளத்தாய். விளாத்திகுளத்துக்குக் கிழக்க எங்க ஊரு. எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு கம்புப் பண்ணை இருக்கு. கம்புன்னா சாப்பிடுறதுக்கு விளைய வைக்கிற பண்ணை இல்ல, ஆராய்ச்சிப் பண்ணை. அங்க பதினாலு வருஷம் தினக்கூலியா வேலை பாத்தேன். டாக்டர் அருமைநாயகம்னு ஒரு அய்யா, ஊசி போடுற டாக்டர் இல்ல, பயிரு டாக்டர். அவுகதான் அங்க பெரியவுக. கூலிக்கு வந்த எங்களையும் நீங்க வாங்கன்னுதான் கூப்பிடுவாக. அந்த ஒரு குணத்துக்கே ஓடி ஓடி வேலை செய்வோம்.

அவுக என்ன செஞ்சாகன்னா, முந்நூறு வகைக் கம்பை ஒரே காட்டுல வரிசை வரிசையா விதைப்பாக. ஒரு வரிசைக்கு ஒரு குடும்பம்னு பேரு. எது நோய்க்கு நிக்குது, எது மழை இல்லாம நிக்குது, எது நெறைய மணி பிடிக்குதுன்னு பாத்து, நல்லா நின்னதுல நாப்பது குடும்பத்தை மட்டும் எடுத்துக்குவாக. மத்ததைக் கழிச்சிருவாக. அடுத்த பட்டத்துல அந்த நாப்பதையும் ஒண்ணுக்கொண்ணு சேத்து விடணும். இதோட பூப்பொடி அது மேல, அதோட பொடி இது மேல. அதுல விளைஞ்ச விதையைத் திரும்ப வரிசை வரிசையா விதைச்சு, திரும்ப நாப்பது எடுத்து, திரும்பச் சேத்து. இதுக்கு ஒரு சுத்துன்னு கணக்கு. ஒரு சுத்துக்கு ரெண்டு வருஷம்.

எனக்கு முதல்ல கிறுக்குத்தனமாத்தான் பட்டுச்சு. நல்லதுன்னு ஒண்ணை எடுத்தமா, அதையே ஊருக்குக் குடுத்தமான்னு இல்லாம எதுக்கு இந்தப் பாடு? ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன். ஒரே செடியில எல்லா நல்லதும் இருக்காது வெள்ளத்தாயி, ஒவ்வொண்ணுகிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, அதையெல்லாம் மெல்ல மெல்ல ஒரு எடத்துக்குக் கொண்டுவரணும், அவசரப்பட்டா கையில இருக்கிறதும் போயிரும்னு சொன்னாக. அப்பத்தான் புரிஞ்சுச்சு. புரிஞ்சதுக்கப்புறம் அந்தக் காடு எனக்கு வேற மாதிரித் தெரிஞ்சுச்சு.

சேத்து விடுறது என் வேலை. கம்புக் கதிருல முதல்ல வெள்ளையா இழை தள்ளும், அது பொண்ணு. ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே கதிருல பொடி வரும், அது ஆணு. இழை தள்ளுறதுக்கு முந்தியே கதிருக்குக் காகித உறை மாட்டிரணும், இல்லாட்டி காத்துல எந்தப் பொடியும் வந்து ஒட்டிக்கும். காலையில எட்டு மணிக்கு மேல, பனி காஞ்சதும், எந்தச் செடியோட பொடி வேணுமோ அதை உறையில தட்டி எடுத்து, இழை தள்ளுன கதிரு மேல போட்டு, திரும்ப மூடி, எது மேல எதுன்னு சீட்டு எழுதிக் கட்டணும். நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவ. நம்பர் நல்லா எழுதுவேன். கூட இருந்த பொம்பளைங்க உறை மாட்டுறதோட சரி. பொடி போடுறதும் சீட்டு எழுதுறதும் நான் ஒருத்திதான். வெள்ளத்தாயி கையின்னா நூத்துக்கு நூறு மணி பிடிக்கும்னு டாக்டரய்யா வர்றவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லுவாக. வெளிநாட்டுக்காரக ரெண்டு பேரு வந்தப்பக்கூடச் சொன்னாக. என் கையில ஒரு தலைகூட, கதிரைத் தலைன்னுதான் சொல்லுவோம், மணி பிடிக்காமக் காலியாப் போனதில்லம்மா. இன்னைக்கும் அதை நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவேன்.

அஞ்சு சுத்து அப்படியே போச்சு. பத்து வருஷம். அஞ்சாவது சுத்துக் கம்பைப் பாத்திருக்கணும் நீங்க. உசரம் கம்மிதான். ஆனா பக்கத்து வரிசையெல்லாம் நோயில வெளுத்துக் கிடக்கும்போது அது மட்டும் ஒண்ணும் அறியாத பிள்ளை மாதிரி நிக்கும்.

ஆறாவது சுத்துக்குச் சேத்துவிடுற நேரம். இருநூறு கதிரு சேக்கணும். பாதி வேலையில டாக்டரய்யாவுக்கு வடக்க ஏதோ மீட்டிங். ஒரு வாரம் ஆகும், நீங்க பாத்துக்கோங்கன்னு என்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாக. போகாம இருந்திருக்கலாம்ல? அதையும் நான் நினைச்சுப் பாப்பேன். அவ்வளவு முக்கியமான வேலையைப் போட்டுட்டு ஒரு கூலிக்காரியை நம்பிப் போறது சரியா? நீங்களே சொல்லுங்க.

அவுக போன மூணாம் நாள் சாத்தூருலேருந்து ஆளு வந்துச்சு. என் மக காளீஸ்வரியை அங்கதான் கட்டிக்குடுத்திருந்தேன். அஞ்சு மாசம் அவளுக்கு. ரெத்தப்போக்குன்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்காக. நான் போட்டது போட்டபடி ஓடிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சூப்பர்வைசர்கிட்டச் சொன்னா என் பேரை அடிச்சிட்டு வேற ஆளை வச்சிருவாரு. மூணு நாள் அங்கேயே கிடந்தேன். பிள்ளை தங்கலம்மா. ஆம்பளைப் பிள்ளை. சரி, அது போகட்டும்.

நாலாம் நாள் காலையில நேரா பண்ணைக்குத்தான் வந்தேன். வீட்டுக்குக்கூடப் போகல. நூத்தியம்பத்தேழு தலை முடிச்சிருந்தேன். நாப்பத்துமூணு பாக்கி. உறையைத் தூக்கிப் பாக்கேன், இழையெல்லாம் தள்ளி வாடுற பக்குவத்துல நிக்குது. பொடி எடுக்கவேண்டிய செடிகளைப் போய்த் தட்டுறேன், ஒண்ணும் விழல. எல்லாம் உதிர்ந்து முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு விட்டா அந்த நாப்பத்துமூணும் காலிதான்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ரகம் நின்னுச்சு. வேற எதுக்கோ போட்டிருந்தது. ஆள் உசரம், நல்ல தடிச்ச கதிரு, தொட்டா மஞ்சளாப் பொடி கொட்டுது. மழை பெஞ்சா அதுல நோய் விழும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அன்னைக்கு ஒரு குறை இல்லாம பச்சைப்பசேல்னு நின்னுச்சும்மா. தட்டி எடுத்தேன். நாப்பத்துமூணு தலைக்கும் போட்டேன். சீட்டுல எந்த நம்பர் எழுதணுமோ அந்த நம்பரையே எழுதுனேன். கம்பு மேல கம்புப் பொடிதானே போட்டேன், சோளத்தையா கொண்டுவந்து போட்டேன்? காலியா விட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. காலியா விட்டா ஏன் காலின்னு வரும். வெள்ளத்தாயி கையில நாப்பத்துமூணு காலியான்னு வரும். அன்னைக்கு இருந்த இருப்புல அந்தப் பேச்சை என்னால கேக்க முடியாது.

டாக்டரய்யா வந்து சீட்டையெல்லாம் பாத்தாக. இருநூறுக்கு இருநூறு. சிரிச்சாக. நான் சொல்லல.

அந்த விதையை விதைச்ச வருஷம் மழையே இல்ல. சொட்டு இல்ல. கம்பு நோய்க்கு ஈரம் வேணும், ஈரம் இல்லாம எதுக்கும் நோய் வரல. எல்லாம் சுத்தமா நின்னுச்சு. அதுலயும் சில வரிசை இருக்கு பாருங்க, தலைக்கு மேல உசரம். கதிரு என் முழங்கை நீளம். எனக்கு எந்த வரிசைன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. டாக்டரய்யா என் கையை நீட்டச் சொல்லி, கதிரைக் கைக்குப் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்தாக. பன்னெண்டு வருஷம் வெள்ளத்தாயி, இப்பத்தான் வழிக்கு வருதுன்னாக. மனுசர் அப்படிச் சந்தோஷமா நின்னு நான் பாத்ததே இல்ல. அந்த நேரத்துல எப்படிம்மா சொல்ல? சொல்றதுக்கும் ஒரு நேரம் வேணுமில்ல? நாப்பது குடும்பம் எடுத்தாகளே, அதுல முக்காவாசி அந்த உசரக் கம்புதான்.

இன்னொரு வருஷம் நோய்க்காட்டுல, அதான் வேணும்னே நோயை வரவச்ச காட்டுல, வச்சுப் பாத்திருக்கணும். அவுகளும் அதைத்தான் சொன்னாக. மேல உள்ளவுக விடல. பன்னெண்டு வருஷமா என்ன செஞ்சீங்க, விவசாயிக்கு என்ன குடுத்தீங்கன்னு கேட்டு நெருக்குனாக. கடைசியில அவுகளே கையெழுத்துப் போட்டு, ஏழு ஊருல அறுபது சம்சாரிகளுக்கு விதை குடுத்தாக, சோதனைக்குன்னு. கையெழுத்துப் போட்டது அவுக. நான் இல்ல.

எங்க அண்ணன் கெங்கையா. கூடப் பிறந்த அண்ணன். எங்களைப் பெத்த அய்யா செத்ததுக்கப்புறம் என்னைக் கரையேத்துனது அவருதான். மூணு ஏக்கர் கரிசல் அவருக்கு. பாசிப்பயறு போடணும்னு இருந்தவரு, பண்ணையில கம்பு குடுக்காகன்னதும் என் வீட்டுக்கு வந்தாரு. தண்ணி குடிச்சிட்டு, ஏ தாயி, நீ கூடவே இருந்து செஞ்ச கம்பு, நம்பிப் போடலாமான்னு கேட்டாரு.

போடுண்ணேன்னு சொல்லிட்டேன்.

அந்த வருஷம் புரட்டாசி பூராம் மழை. முதல்ல இலைக்கு அடியில மாவு தட்டுன மாதிரி வெள்ளை. அதுக்கப்புறம் கதிரு வந்துச்சு, அதைக் கதிருன்னு சொல்லக்கூடாது. மணி இருக்கவேண்டிய எடத்துல எல்லாம் சின்னச் சின்ன இலை. பச்சைப் பசேல்னு சடை போட்ட மாதிரி. ஒரு மணி இல்ல. அறுபது பேரு காட்டுலயும் அதே கதை. அண்ணன் ஒரு கதிரை ஒடிச்சுக் கொண்டுவந்து என் கையில குடுத்தாரு. குடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அப்பவும் நான் சொல்லல. தை மாசம் குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாரு. மில்லுல வாட்ச்மேன். அந்த மூணு ஏக்கருல இப்ப வேலிக்கருவை முள்ளுதான் நிக்குது.

சம்சாரிக எல்லாம் அந்தக் கதிரை டிராக்டருல அள்ளிட்டு வந்து பண்ணை வாசல்ல கொட்டுனாக. ஏசுனாக. டாக்டரய்யா வெளிய வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னாக. தப்பு என்னோடது, வேற யாரையும் பேசாதீங்கன்னு அவ்வளவுதான் சொன்னாக. நான் கூலிப் பொம்பளைகளோட வேப்பமரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தேன். விசாரணை வச்சாக. விசாரணையிலயும் அதே சொல்லு. பெறகு அவுகளை எங்கேயோ ஒரு ஆபீசுல கொண்டுபோய் உக்கார வச்சாக. காட்டுல நின்ன மனுசரு, ஒரு செடி இல்லாத எடத்துல அஞ்சு வருஷம் உக்காந்துட்டு ரிட்டயர் ஆனாக. அந்த வேலையையே மூடிட்டாக. எனக்கும் வேலை போச்சு. என்னைய யாரும் வந்து விசாரிக்கல. பதினாலு வருஷம் வேலை பாத்தவளை, ஏம்மா உன் பக்கம் ஏதும் உண்டான்னு ஒருத்தரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஒம்பது வருஷம் ஆச்சும்மா இதெல்லாம் நடந்து. சொல்லாமலே போயிருக்கும். போன வாரம் எங்க தெருப் பிள்ளை செண்பகவல்லி வந்து ஒரு சேதி சொன்னா. அவ பண்ணை ஆபீசுல இருக்கா. அங்க குளிர் ரூம்ல பழைய விதையெல்லாம் டப்பாவுல இருக்கு. புதுசா வந்த ஆபீசர் இடம் பத்தலைன்னு ஒதுக்குறாரு. எதை வைக்கணும் எதைத் தூக்கிப் போடணும்னு டாக்டரய்யாவுக்கு எழுதிக் கேட்டிருக்காரு. அதுக்கு அவுக, நான் செஞ்ச முறையே தப்பு, முதல் சுத்துலேருந்தே எங்கேயோ தப்பாப் போயிருக்கு, ஒண்ணையும் வைக்கவேண்டாம்னு பதில் எழுதியிருக்காக. வீட்டுல பழைய ரெஜிஸ்டர் நகலையெல்லாம் வச்சுக்கிட்டு இன்னும் தேடுறாகளாம், எங்க தப்புன்னு. திங்கக்கிழமை டப்பாவையெல்லாம் கொட்டப்போறாகன்னு சொன்னா.

அஞ்சாவது சுத்து விதையும் அதுல இருக்கும்மா. அது என்ன பாவம் செஞ்சுச்சு? பத்து வருஷம் நான் கையில தொட்டு வளத்தது. ராத்திரியெல்லாம் உறக்கம் இல்ல. இன்னைக்குக் காலையில மொத பஸ்ஸுல ஏறி மதுரைக்கு வந்துட்டேன்.

வீடு கண்டுபிடிக்கக் கொஞ்சம் அலைஞ்சேன். அவுகளுக்கு முடியெல்லாம் நரைச்சுப்போச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, வாங்க வெள்ளத்தாயின்னாக. அவுக வீட்டம்மா எஸ்தரம்மா காப்பி கொண்டுவந்து வச்சாக. நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னேன். அவுக மீட்டிங் போனது, நான் மூணு நாள் இல்லாதது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனது, சீட்டு எழுதுனது, எல்லாம். சொல்லி முடிச்சிட்டு அடிக்கிறதா இருந்தா அடிச்சுக்கோங்கங்கிற மாதிரித் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்.

டாக்டரய்யா கேட்டாக. “எத்தனை தலை?”

“நாப்பத்துமூணு அய்யா.”

“நம்பர் ஞாபகம் இருக்கா?”

இருந்துச்சும்மா. எப்படி மறக்கும்? நூத்தியம்பத்தெட்டுலேருந்து இருநூறு வரைக்கும். அவுக மேசையில இருந்து ஒரு ரெஜிஸ்டரை எடுத்து விரிச்சாக. விரலை வச்சு வச்சுப் பாக்காக. உசரமா வந்தது எல்லாம் அந்த நம்பர்தான். பாத்துக்கிட்டே வந்தவுக மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு அழுதுட்டாக. நான் பதறிப்போனேன். பாத்தா, சிரிக்கவும் செய்றாக.

“முறை தப்பில்ல வெள்ளத்தாயி. அஞ்சு சுத்தும் சரி. முறை தப்பே இல்ல.”

எஸ்தரு, எஸ்தருன்னு கூப்பிட்டு அந்தம்மாகிட்டயும் அதையே சொன்னாக. உடனே பண்ணைக்குப் போன் போட்டாக. அஞ்சாவது சுத்து டப்பா ரெண்டும் பத்திரமா இருக்காம், கொட்டவேண்டாம்னு சொல்லிட்டாக. புது ஆபீசர்கிட்டப் பேசி ஆறாவது சுத்தைத் திரும்பப் போடச் சொல்லுறேன், நீங்க வந்து புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கணும்னாக. நடந்ததை எழுதி அனுப்பணும், உங்க பேரையும் போடுவேன், சம்மதமான்னு கேட்டாக. போடுங்கய்யான்னேன். ரொம்ப நன்றின்னாக. எனக்கு நன்றி சொன்னாகம்மா.

அதுதான் எனக்கு ஆகல. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். போடி வெளியேன்னு சொல்லியிருக்கலாம். சரி, அதை விடுங்க, அந்த மூணு நாளு எங்க போனேன்னாவது கேட்டிருக்கலாம். அதுக்குப் பதில் வச்சிருந்தேன் நான். ஒம்பது வருஷமா அந்தப் பதிலைத்தான் வச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில பிள்ளையைத் துணியில சுத்திக் குடுத்தது, காளீஸ்வரி பேசாமப் படுத்துக் கிடந்தது, எல்லாம் சொல்லணும்னு இருந்தேன். அவுக ரெஜிஸ்டருக்குள்ள போயிட்டாக. அறுபது சம்சாரிகளைப் பத்தியும் ஒரு பேச்சு இல்ல. பென்சிலை எடுத்து அந்த நாப்பத்துமூணையும் ஒண்ணொண்ணா அடிச்சுக்கிட்டு இருந்தாக.

கிளம்பும்போது எஸ்தரம்மாதான் வாசல் கேட்டு வரைக்கும் வந்தாக. அந்தம்மாவாவது கேப்பாகன்னு பாத்தேன். கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, மெதுவா, “மதுரைக்கு பஸ்ஸு ஒம்பது வருஷமா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, வெள்ளத்தாயி”ன்னாக. கோவமாச் சொல்லல. சொல்லிட்டு கேட்டைச் சாத்திட்டாக.

என்ன பேச்சு அது? நான் என்ன வேணும்னா செஞ்சேன்? பெத்த மக சாகக் கிடக்கான்னா எவதான் போகாம இருப்பா? அப்படியே நினைச்சுக்கிட்டு மாட்டுத்தாவணி வந்தேன். கோவில்பட்டி பஸ்ஸு நின்னுச்சு, சீட்டும் காலியா இருந்துச்சு. படியில காலை வச்சேன். ஏற முடியல. டாக்டரய்யா என் பேரைப் போட்டு எழுதப்போறாகல்ல. எழுதுனா ஆபீசுக்குப் போகும். செண்பகவல்லி வாசிப்பா. ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா எவன் வாய் வழியாவது அண்ணனுக்குப் போகும். அவரு அடுத்தவன் சொல்லிக் கேக்கக்கூடாதும்மா. அதான் ஆரப்பாளையத்துக்கு டவுன் பஸ் பிடிச்சு இந்தத் திருப்பூர் பஸ்ஸுல வந்து ஏறிட்டேன். மில்லுப் பேரு மட்டும்தான் தெரியும். இறங்கி யார்கிட்டயாவது கேட்டுக்குவேன்.

மதனி சத்தம் போடுவா. போடட்டும். அண்ணன் சத்தம் போடமாட்டாரு. டாக்டரய்யா எத்தனை தலைன்னு கேட்டாக, பதில் இருந்துச்சு, சொல்லிட்டேன். அண்ணன் அதையெல்லாம் கேக்கமாட்டாரு. மூணு நாள் கதையைச் சொன்னா கண்ணுல தண்ணி வச்சுக்குவாரு, காளீஸ்வரி மேல அவருக்கு அவ்வளவு பாசம். ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு கேப்பாரு. போடுன்னு சொன்னியே தாயி, அப்ப உனக்குத் தெரியுமான்னு கேப்பாரு.

திண்டுக்கல் தாண்டுனதுலேருந்து அதுக்குத்தாம்மா பதில் தேடிக்கிட்டு வாறேன்.